அக்காளுக்கு எடுத்த சேலை

சித்திரைத் திங்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனியிலிருந்து சுருளிப்பட்டிக்கு நாங்கள் மூவரும் புறப்பட்டபோது, மகிழுந்தின் பின்னிருக்கையில் என் மகள் தன் பையை மடிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். பின்புறப் பெட்டியில் இடமிருந்தது. அங்கே வைக்க அவள் இசையவில்லை. கோடை முழுமைக்குமான உடைகள் அந்தப் பையில் இருந்தன. என் அக்காள் கைப்பேசியில் சொல்லியிருந்தாள்: "சாமி கும்பிட வரும்போதே பிள்ளைய விட்டுட்டுப் போயிரு தம்பி. பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் எம் பேத்தியோட இங்கன கெடக்கட்டும்."

என் மகளுக்குப் பள்ளி திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. அவள் பள்ளிக்கே போனவள் அல்லள். பன்னிரண்டு அகவையாகியும் எங்கள் வீட்டுக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதும் இல்லை. ஆகவே அக்காளின் அந்த அழைப்பு எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு திருவிழாவாயிற்று. பேத்தியோடு மொட்டைமாடியில் படுப்பது, ஊரார் திராட்சை என்னும் கொடிமுந்திரியின் பந்தலுக்குள் நுழைந்து பறித்து உண்பது, சுருளி அருவிக்கு நடந்தே போவது என்று அவள் தனக்குத் தானே ஒரு பாடத்திட்டம் வகுத்திருந்தாள். நான் வகுத்த எந்தப் பாடத்திட்டத்தையும் அவள் அவ்வளவு பற்றோடு ஏற்றதில்லை.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிந்தி மணந்தேன், அதனினும் பிந்திப் பெற்றேன். பள்ளிகள் பல்லாண்டு பாடுபட்டுச் செய்து அனுப்பும் சரக்கை ஆண்டுதோறும் என் வகுப்பறையில் இறக்கிப் பார்த்தவன் ஆதலால், என் மகளை அந்தப் பட்டறைக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் மனைவி பாதி மனத்தோடு இசைந்தாள். உறவினர் இதனை ஒரு நோய் என்றே கொண்டனர். நோய் பிள்ளைக்கா, தகப்பனுக்கா என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நாளடைவில் எங்களை அழைப்பதைக் குறைத்தார்கள். நானும் போவதைக் குறைத்தேன். மகளின் இழப்பு இது என்று எவரும் கணக்கில் எடுக்கவில்லை, அவளைத் தவிர.

இம்முறை அழைப்பு வந்ததற்கு அக்காள் கணவரே வழி செய்தார். மதுரையில் அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். பிழைத்தால் குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக அக்காள் வேண்டியிருந்தாள். பிழைத்தார். கிடா வெட்ட உறவு முழுவதும் கூடவேண்டும். அக்காளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவனே என்பதால், என்னை விலக்கிவிட்டு அந்த வழிபாட்டை நடத்த இயலாது.

புறப்படுவதற்கு முந்திய வாரம் அடுக்களையில் மகள் தன் தாயிடம் ஏதோ பயின்றுகொண்டிருந்தாள். "வந்தாக, போனாக, சொன்னாக" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. என் மனைவி மார்க்கையன்கோட்டைக்காரி. அந்தப் பேச்சு அவளுக்குப் பிறந்தகத்துப் பேச்சு. நான் உள்ளே சென்று பயிற்சியை நிறுத்தினேன். நீ பேசும் தமிழ் அவர்கள் அனைவருக்கும் விளங்கும், விளங்கும் மொழி இருக்கையில் முகமூடி எதற்கு என்று கேட்டேன். மகள் சற்று எண்ணிப் பார்த்தாள். அவள் எதிர்த்துப் பேசுபவள் அல்லள்; சொன்னதை எடைபோட்டு, சரியென்று கண்டால் ஏற்றுக்கொள்பவள். "சிரிப்பார்களே அப்பா" என்று மட்டும் சொன்னாள். சிரிப்பவர் களைத்து நிறுத்துவர் என்றேன்.

குலசாமி கோயில் ஊரைத் தாண்டித் தோட்டங்களின் நடுவே இருக்கிறது. நாங்கள் சென்று சேர்ந்தபோது அடுப்புகள் மூட்டப்பட்டிருந்தன. புளிய மரத்தடியில் நெகிழி நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் அக்காள் கணவர், கம்பளிச் சால்வையைப் போர்த்தி, அந்த வெயிலிலும் பொத்தி வைத்த பழம்போல் அமர்ந்திருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் என் சிற்றப்பா. வெற்றிலையை இடப்புறக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, மகளை அருகழைத்தார்.

"என்னத்தா, எத்தனாங்கிளாசு?"

"வகுப்பு இல்லை, தாத்தா. வீட்டில் படிக்கிறேன்."

"பெறகு எப்படிப் பாசாவ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிற்றப்பாவே விடையும் சொன்னார்: "கேள்வி கேக்குறவன் ஒங்கப்பன். மார்க்குப் போடுறவனும் ஒங்கப்பந்தேன். பெயிலாகவே வழியில்ல."

வட்டம் முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள், கேலி நல்ல கேலி என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். அடுத்து அக்காளின் மருமகள் வந்தாள். கம்பத்தில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. சும்மா கேட்பதாகவும், தவறாக எண்ணவேண்டா என்றும் என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் ஆங்கிலத்தில் வினாத் தொடுத்தாள். மகள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் மெல்ல, பிழையின்றி மறுமொழி சொன்னாள். பிழை கிடைக்காத ஆசிரியைக்கு வேறொன்று கிடைத்தது. "டிவில நியூசு வாசிக்கிற மாதிரியே பேசுறா" என்றாள். தமிழிலும் அப்படியே என்று வேறொருத்தி எடுத்துக் கொடுத்தாள். அதன்பின் மகள் தண்ணீர் கேட்டாலும், நன்றி சொன்னாலும், செய்தி வாசிப்பதற்கு முன் ஒலிக்கும் இசையை யாரேனும் வாயால் எழுப்பினார்கள். என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி உண்டு. கண் கலங்கினால் எவரும் ஏனென்று கேட்பதில்லை.

பிள்ளைகளின் உலகம் பெரியோரின் உலகத்தைவிட அறிவுடையது. அக்காளின் பேத்தி, என் மகளின் அகவையே ஆனவள், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்துப் பந்தலுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது இருவர் உதடுகளும் கருநீலமாக இருந்தன. ஏதோ பேசிச் சிரித்தபடி, கோத்த கை விலகாமல் வந்தார்கள். தன் பையை முன்னதாகவே அத்தை வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தாள் என் மகள். மாடியில் எந்த மூலையில் படுப்பது என்பதும் பேசி முடிவாகியிருந்தது. தோழியையும் இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து அதனைச் சொன்னாள்.

அப்போது அந்த ஆசிரியை என் காதுபட, "இன்னைக்குத்தேன் இது மனுசப் பிள்ள மாதிரி இருக்கு" என்றாள்.

நான் பொறுத்திருக்கலாம். பொறுப்பது என் இயல்பன்று. கோயில் முகப்பின் வளைவில் நீல எழுத்தில் எழுதியிருந்ததைக் காட்டி, அதனை வாசிக்கும்படி ஆசிரியையின் மகளான அந்தப் பேத்தியிடம் கேட்டேன். மிக இனிமையாகத்தான் கேட்டேன். குழந்தை எழுத்தெழுத்தாகக் கூட்டத் தொடங்கியது. 'நன்கொடையாளர் பெருமக்கள்' என்ற இரண்டு சொல். 'நண்' என்றது, நிறுத்தியது, 'நன்கோடி' என்றது, தாயைப் பார்த்தது. யாரும் உதவவில்லை, நான் கையமர்த்தியிருந்தேன். முடியும்வரை காத்தேன். சற்றுமுன் என் மகளைப் பார்த்துச் சிரித்த அதே வட்டம் இப்போது அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்புக்குச் சார்பு கிடையாது. அம்புட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு இதற்குத்தான் விடிவதற்குமுன் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறாயா என்று சிற்றப்பா ஆசிரியையைக் கேட்டார்.

பேத்தி என் மகளின் கையை விட்டுவிட்டாள். உதறவில்லை, விட்டாள். நான் அதனைப் பார்த்தேன். பார்த்த பிறகும் வென்றவனாகவே நாற்காலியில் சாய்ந்தேன்.

பூசை முடிந்து கிடா வெட்டப்பட்டது. அடுத்தது சீர். நோயிலிருந்து மீண்ட கணவனுக்கும் அவன் மனைவிக்கும், மனைவியின் உடன்பிறந்தான் புத்தாடை எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். வேட்டியும், அரக்கு நிறத்தில் மஞ்சள் கரையிட்ட பட்டுச் சேலையும், பழமும், பூவும் தட்டத்தில் இருந்தன. நான் எழுந்தேன். முறிந்துபோன ஏதோவொன்றை ஒட்டவைக்கவேண்டும் என்று அக்காள் எண்ணியிருக்க வேண்டும். எல்லோர்க்கும் கேட்கும்படி, "சாமி கும்பிட வந்தமா, பரிச்ச எழுத வந்தமா?" என்று கடிந்துவிட்டு, என் மகளைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"நீ வா மருமகளே. ஒங்கப்பன் குடுத்தா என்ன, நீ குடுத்தா என்ன? ஒன் கையால வாங்கிக்கிறேன்."

மகள் முகம் ஒளிர்ந்தது. தட்டத்தை என்னிடமிருந்து வாங்கினாள். சிரித்தவர்கள், கையை விட்ட தோழி, அழைத்த அத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு வேளையில் தான் அறிந்தவற்றுள் மிக அழகிய சொல்லைத்தான் எந்தக் குழந்தையும் தேடி எடுக்கும். அவள் தேடினாள், எடுத்தாள்.

"அத்தை, பிறந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கோடி கொண்டு வந்திருக்கிறோம். உடுத்திக்கொள்ளுங்கள்."

கோடி என்பது புதிய ஆடை. நீர் படாத, மடிப்புக் கலையாத ஆடை. பழம்பாடல்களில் மணமகள் உடுத்துவது கோடி. எங்கள் வீட்டில் பொங்கல்தோறும் நாங்கள் உடுத்ததும் கோடியே. என் மனைவி தொடக்கத்தில் முகம் சுளித்தாள், பிறகு கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாள். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு நாள்தான் உரியது. கணவன் இறந்தபின், கைம்பெண்ணானவளுக்கு அவள் உடன்பிறந்தான் கொண்டுவந்து போர்த்தும் சேலைக்குப் பெயர் பிறந்த வீட்டுக் கோடி. இதனை நான் அறியாதவன் அல்லேன். அந்த மண்ணில் பிறந்தவன். ஆயினும் இழவு வீட்டுச் சொற்களைக் குழந்தைக்குப் பாடமாக வைக்க எந்தத் தகப்பனுக்குத் தோன்றும்? பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அவற்றை ஆசிரியரிடம் கற்பதில்லை. எதிர்வீட்டில் சாவு விழும்போது தெருவில் நின்று கற்றுக்கொள்கின்றன. என் மகளுக்குத் தெரு இல்லை.

அக்காளின் நீட்டிய கை அப்படியே பின்வாங்கி முந்தானைக்குள் போயிற்று. அடுப்பங்கரையில் கரண்டி ஓசை நின்றது. முதலில் வாய் திறந்தவர் அக்காள் கணவர்தாம்.

"அதுக்குள்ளயேவா மாப்ள? தையலே இன்னும் காயலயே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கை நெஞ்சுக்குப் போயிற்று. அந்த இருமல் நிற்கும்வரை அவ்வளவு பேரும் அவருடைய நெஞ்சையே பார்த்தார்கள். நின்றதும், அவ்வளவு பேரும் என் மகளைப் பார்த்தார்கள்.

ஆசிரியை குரலை உயர்த்தவில்லை. "எம் மகளுக்கு வாசிக்கத் தெரியாதுதேன் மாமா. ஆனா எங்கன எதச் சொல்லக்கூடாதுன்னு தெரியும்."

நான் விளக்கத் தொடங்கினேன். கோடி என்பது மங்கலச் சொல் என்றேன். கோடி என்பதற்குப் புதுமை என்பதே முதற்பொருள் என்றேன். மணப்பந்தலில் கோடி உடுத்த பெண்கள் சாவு வீட்டில் கோடி பெற்ற பெண்களுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தவர்கள் என்றேன். நான் சொன்னவை அனைத்தும் சரியானவை. அவற்றைக் கேட்கக் கேட்க அக்காள் முகம் மேலும் மேலும் வெளிறிற்று.

"ஏலே, நிறுத்து" என்றார் சிற்றப்பா. "பிள்ள ஒரு தடவதேன் சொன்னுச்சு. நீ இன்னும் எத்தன தடவ அத ஒங்கக்கா முன்னாடி சொல்லுவ?"

தட்டத்தை ஏந்தியபடியே நின்றிருந்தாள் மகள். அதை யாரும் வாங்கவில்லை. கீழே வைக்கலாமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. தெளிவான குரலில் என்னைக் கேட்டாள்:

"அப்பா, கோடி என்றால் புத்தாடைதானே?"

வட்டம் முழுவதும் என் விடைக்குக் காத்திருந்தது. குழந்தை தெரியாமல் பிழை செய்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கான இடைவெளி அது. அதனை எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். என் மனைவி அடுப்படியிலிருந்து தலையை மெல்ல அசைத்தாள்.

"ஆம்" என்றேன். "நீ சொன்னது சரி."

பூசாரி வந்து தட்டத்தை வாங்கிக் கோயில் படியில் வைத்து, சேலைமேல் திருநீற்றை அள்ளி வீசினார். அக்காள் தலையில் மஞ்சள்நீர் தெளித்தார்கள். பிறகு பந்தி. மகள் பேத்தியின் அருகே சென்று அமர்ந்தாள். ஆசிரியை பரிமாறிக்கொண்டே வந்து, தன் மகளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னாள். பேத்தி தன் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனாள். இடையில் காலியான இடத்தில் வேறெவரும் அமரவில்லை. மகள் சோற்றைச் சிந்தாமல், நான் கற்பித்தபடி, இலையின் ஒரு பாதியிலேயே உண்டு முடித்தாள். அன்று வயிறார உண்டவர் அக்காள் கணவர் ஒருவரே. மருத்துவர் விலக்கிய ஈரலைக் கேட்டு வாங்கி உண்டார். எப்படியும் சேலை வந்துவிட்டது, இனி எதற்குப் பத்தியம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மட்டும் அன்று எனக்குப் பிடித்தது.

வெயில் சாயும் வேளையில் அக்காள் மகன் ஊருக்குள் சென்று வந்தான். வந்தவன் நேரே எங்கள் மகிழுந்தின் பின்புறப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். என் மகளின் பையை உள்ளே வைத்தான். பையின்மேல் அந்தச் சேலை, செய்தித்தாளில் சுற்றப்பட்டு இருந்தது. வேட்டியைத் தரவில்லை, அதில் அவர்களுக்குக் குறையொன்றும் தெரியவில்லை போலும்.

அக்காள் வண்டியருகே வந்தாள். என்னைப் பார்க்காமல், மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"இந்த வருசம் வெயிலு கூட அடிக்கிதுத்தா. ஒனக்கு ஒத்துக்கிறாது. அடுத்த வருசம் பாப்போம்."

"எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளும், அத்தை" என்றாள் மகள்.

அக்காள் கையை எடுத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோது பேத்தி கோயில் படியில் அமர்ந்து எங்களையே பார்த்திருந்தாள். கையசைக்கலாமா என்று தன் தாயின் முகத்தை நோக்கினாள். அசைக்கவில்லை.

வண்டி உத்தமபாளையத்தைக் கடந்தது. அப்போது மகள், தான் செய்தது என்ன என்று கேட்டாள். நான் சொற்பிறப்பிலிருந்து தொடங்க முயன்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி முன்கண்ணாடியைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: "ஒங்க மாமா செத்தா, அப்பா கொண்டுபோயி அத்த மேல போடுற சேலைக்குத்தேன் இங்கன அந்தப் பேரு."

சின்னமனூர் வாழைத் தோட்டங்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

"அப்படியென்றால் நான் தவறாகச் சொல்லவில்லை. முன்னதாகச் சொல்லிவிட்டேன்."

என் மனைவி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். திரும்பி மகளை அடிப்பாளோ என்று அஞ்சினேன். அடிக்கவில்லை. சாலைவிளிம்பில் சற்றுநேரம் நின்றுவிட்டு வந்து, மீண்டும் ஓட்டினாள்.

அந்தச் சேலை எங்கள் நிலைப்பேழையில் இருக்கிறது. என் மனைவி அதனை உடுத்த மறுத்துவிட்டாள். பிறர்க்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை; கொடுத்தால் என்ன பெயர் சொல்லிக் கொடுப்பது? பாடங்கள் முன்போலவே நடக்கின்றன. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. புதிய சொல் ஒன்றைக் கற்பித்தால் முன்பெல்லாம் அதன் வேரைக் கேட்பாள். இப்போது, "வெளியில் இதற்கு என்ன பொருள்?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எனக்கும் தெரு பழகி நெடுங்காலமாயிற்று.

வைகாசித் திங்களின் இறுதியில் பள்ளிகள் திறந்த காலை, சீருடைப் பிள்ளைகள் வாயிலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நலமாக இருக்கிறார் என்றேன்.

"அத்தைக்கு உடன்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தானே?"

"ஆம்."

"அப்படியென்றால் அந்தச் சேலையை ஒருநாள் நாம்தாம் கொண்டுபோகவேண்டும்."

எனக்கு முன் அவர் போனால், அப்படித்தான். அவருக்கு முன் நான் போனால் அந்தக் கடன் என்னைச் சேராது. இந்த இரண்டில் எதனை வேண்டுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மகளிடம் "ஆம்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்போது நான் அங்கே தங்கலாமா?"

அவள் கேலி செய்யவில்லை. அவளுக்குக் கேலி செய்யத் தெரியாது. அவள் கேட்டதற்கு உண்மையான விடை ஒன்று இருந்தது. வினாவுக்கு உண்மையான விடையை மறைப்பதில்லை என்பது, அவளை வீட்டில் வைத்துக் கற்பிக்கத் தொடங்கிய நாளில் நான் எனக்கு விதித்துக்கொண்டது.

"தங்கலாம்" என்றேன். "கருமாதி முடியும்வரை உறவுப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்."

"கருமாதி என்றால்?"

இறந்தவர்க்கு ஈற்றில் செய்யும் கடன், அதன்பின் உறவினர் அவரவர் வீட்டுக்குத் திரும்புவர் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். பேனாவை எடுத்தவள், எழுதுமுன் ஒருமுறை நிமிர்ந்தாள்.

"வெளியிலும் அதற்கு அதே பொருள்தானா, அப்பா?"